காலணிக்குள் அடங்காத பரிசு

கிறிஸ்மஸ் என்றதும் நம் நினைவில் முதலில் எழுவது எது? குடில் என்றும் விண்மீன் என்றும் ஞானோபதேச வகுப்பில் தயங்காமல் விடை சொல்லிவிடுவோம். ஆனால் மனத்தைத் தொட்டுச் சொல்வதென்றால், புத்தாடையும் பலகாரமும் பரிசுப் பொட்டலமும் அல்லவா முந்திக்கொண்டு வந்து நிற்கின்றன! இதற்காக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. சிறுமலர் என்று உலகம் அன்போடு அழைக்கும் குழந்தை தெரேசம்மாளும் பதினான்கு வயது நிரம்புகிற தறுவாய்வரை பரிசுக்காகக் காத்திருந்த சிறுமிதான். பின்னர் ஒரு கிறிஸ்மஸ் இரவில், ஏறக்குறைய ஒரு மாடிப்படி ஏறி இறங்குகிற நேரத்துக்குள், அவள் வேறொரு பரிசைப் பெற்றாள். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் புகுகிறோம்.

பிரான்சு நாட்டின் நார்மண்டிப் பகுதியில் அலான்சோன் என்னும் ஊரில், 1873-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் தெரேசா பிறந்தாள். தந்தை லூயி மார்ட்டின் கடிகாரத் தொழில் செய்தவர். தாய் செலி, அந்த ஊருக்கே பெயர் வாங்கித் தந்த லேஸ் பின்னல் தொழிலைப் பெண்கள் பலரை வைத்து நடத்தியவர். ஒன்பது பிள்ளைகள் பிறந்த அவ்வீட்டில் நால்வர் சிறு வயதிலேயே இறந்துவிட்டனர். எஞ்சியவர்கள் ஐந்து பெண்கள்: மரி, பவுலின், லெயோனி, செலின், கடைக்குட்டி தெரேசா. வீட்டார் எல்லோருக்கும் அவள் செல்லம். கேட்டது கிடைக்கும், கேளாததும் கிடைக்கும்.

ஒரு நாள் லெயோனி, பொம்மை விளையாடும் வயது தனக்குக் கடந்துவிட்டது என்று எண்ணி, ஒரு கூடையைத் தங்கையரிடம் கொண்டுவந்தாள். பொம்மை உடுப்புகள், இன்னும் தைப்பதற்கு அழகான துணித் துண்டுகள், எல்லாவற்றுக்கும் மேலே படுக்க வைத்த பொம்மை. வேண்டியதை எடுத்துக்கொள்ளும்படி சொன்னாள். செலின் கையை நீட்டி ஒரு சிறு நூற்பின்னல் உருண்டையை எடுத்துக்கொண்டு நின்றுவிட்டாள். தெரேசாவோ சற்றே யோசித்தாள். தனக்கு எல்லாமே வேண்டும் என்று சொல்லிக் கூடையோடு தூக்கிக்கொண்டு போய்விட்டாள்! இதைப் படிக்கும் தங்கைமார் சிரிப்பது நமக்குக் கேட்கிறது, அக்காமார் சிரிக்கமாட்டார்கள். ஆனால் பின்னாளில் இந்தச் சிறு நிகழ்ச்சியிலேயே தன் வாழ்வு முழுவதும் அடங்கியிருந்ததாகத் தெரேசா கண்டுகொண்டாள். இறைவனுக்குக் கொடுப்பதிலும் பாதி மீதி என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லாம்தான்.

1877-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் தாய் செலி மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அப்போது தெரேசாவுக்கு வயது நாலரையைச் சற்றே கடந்திருந்தது. அந்த நவம்பரில் குடும்பம் தாய்மாமன் வாழ்ந்த லிசியே நகருக்குக் குடிபெயர்ந்து, லே புய்சொனே என்ற தோட்ட வீட்டில் குடியேறியது. பவுலினைத் தன் இரண்டாவது தாயாகத் தெரேசா தானே தேர்ந்துகொண்டாள். பிற்பகல்தோறும் தந்தை அவளைக் கைப்பிடித்து உலாவ அழைத்துச் செல்வார். ஏதாவது ஓர் ஆலயத்தில் நற்கருணை ஆண்டவரைச் சந்திப்பார்கள். வழியில் ஓரிரண்டு காசு விலையில் ஒரு சிறு பரிசு வாங்கித் தருவார். எதிர்ப்படும் ஏழைகளுக்குக் காசு கொடுக்கும் வேலையும் அவளுடையதுதான்.

அப்படி ஒருநாள் ஊன்றுகோல்களின்மேல் தன்னை இழுத்துக்கொண்டு வரும் ஒரு மனிதரைக் கண்டாள். ஓடிப்போய்க் காசை நீட்டினாள். அவரோ காசு வாங்கும் அளவுக்குத் தாம் ஏழையல்லர் என்று எண்ணியவராக, சோகமாய்ப் புன்னகைத்து மறுத்துவிட்டார். சிறுமிக்கு முகம் வாடிவிட்டது. உதவப் போய் மனத்தைப் புண்படுத்திவிட்டோமோ என்ற கவலை. தந்தை சற்று முன் வாங்கித் தந்த பணியாரம் ஒன்று கையில் இருந்தது. அதைக் கொடுக்கலாமா என்று துடித்தாள், துணிவு வரவில்லை. அப்போதுதான், புதுநன்மை வாங்கும் நாளில் கேட்கும் வரம் எதுவும் மறுக்கப்படாது என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு இந்த ஏழைக்காக வேண்டிக்கொள்வேன் என்று மனத்துக்குள் உறுதி செய்துகொண்டாள். அப்போது அவளுக்கு வயது ஆறு. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1884-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள் புதுநன்மை வாங்கியபோது, அந்த வாக்கை மறவாமல் நிறைவேற்றினாள். காசை வாங்க மறுத்தவர் இந்தப் பரிசை மறுக்க வழியே இல்லை. தமக்குக் கொடுக்கப்பட்டது என்பதையே அவர் அறியார்.

இப்படியெல்லாம் எழுதினால், தெரேசா பிறவியிலேயே வானதூதர் என்று தோன்றிவிடும். அல்லவே! தாயின் மரணத்துக்குப் பிறகு அந்தக் கலகலப்பான குழந்தை, தொட்டாற் சுருங்கியாகிவிட்டாள். யாராவது ஒரு பார்வை பார்த்தாலே கண்ணீர் பொங்கும். பெனடிக்டன் சபைக் கன்னியரின் பள்ளியில் எட்டரை வயதில் சேர்ந்தபோது, தன்னைவிட மூத்த மாணவி ஒருத்தி பொறாமையால் படுத்திய பாட்டை எதிர்த்துப் பேசவும் தெரியவில்லை, அழத்தான் தெரிந்தது. 1882-இல் பவுலின் கார்மேல் மடம் புகுந்தபோது இரண்டாம் முறையாகத் தாயை இழந்தாள். மறு ஆண்டு விநோதமான நோய் ஒன்று அவளைக் கட்டிலில் வீழ்த்தியது. மே 13-ஆம் நாள் தேவமாதாவின் சுரூபம் தன்னை நோக்கிப் புன்னகை செய்யக் கண்டு குணம் பெற்றாள். ஆயினும் அந்த அழுகை மட்டும் போகவில்லை. செலினுக்காக ஏதாவது சிறு வேலை செய்து வைத்து, அவள் ஆச்சரியப்படவில்லை என்றால் அழுவாள். அழுது முடித்த பின், ஐயோ அழுதுவிட்டோமே என்பதற்காக இன்னொரு முறை அழுவாள். 1886 அக்டோபரில் மூத்தவள் மரியும் கார்மேல் மடத்துக்குப் போய்விட்டாள். தானும் கார்மேல் கன்னியாக வேண்டும் என்பதே தெரேசாவின் ஆசை. ஆனால் அத்தனை கடினமான வாழ்வை இப்படிக் கண்ணீரில் கரைகிற பிள்ளை எப்படித் தாங்குவாள்? இந்தக் கேள்வி மற்றவர்களைவிட அவளையே அதிகம் வாட்டியது.

இப்போது அந்த இரவுக்கு வருவோம். 1886-ஆம் ஆண்டுக் கிறிஸ்மஸ். தெரேசாவுக்குப் பதினான்கு வயது நிறைய எட்டே நாள் இருந்தது.

பிரான்சு நாட்டுக் குழந்தைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்மஸ் இரவில் தங்கள் காலணிகளைக் கணப்படுப்பின் அருகே வைத்துவிடுவார்கள். நடுச்சாமத் திருப்பலி முடிந்து வீடு திரும்பும்போது அவற்றுக்குள் பரிசுகள் நிறைந்திருக்கும். பாலன் இயேசு கொண்டுவந்து வைத்தார் என்பது குழந்தைகளின் நம்பிக்கை. தெரேசாவுக்கு அந்த வயதெல்லாம் கடந்துவிட்டது. ஆனாலும் கடைக்குட்டி அல்லவா! செலின் அவளை இன்னும் குழந்தையாகவே நடத்த விரும்பி, அந்த ஆண்டும் காலணிகளை வைத்திருந்தாள். ஒவ்வொரு பொருளாக வெளியே எடுக்கும்போது தெரேசா போடும் மகிழ்ச்சிக் கூச்சலைக் கேட்பது தந்தைக்கும் வழக்கமான இன்பம்.

புனித பேதுரு பேராலயத்தில் திருப்பலி கண்டு, நற்கருணை உட்கொண்டு, பனிக்காலக் குளிரில் நடந்து வீடு வந்து சேர்ந்தார்கள். தந்தைக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. நள்ளிரவு கடந்த களைப்பு. கணப்படுப்பின் அருகே காலணிகளைக் கண்டதும் அவருக்கு என்னவோ சலிப்புத் தட்டியது. நல்ல வேளை, இந்த விளையாட்டு இந்த ஆண்டோடு தீர்ந்தது என்ற பொருள்பட ஏதோ சொல்லிவிட்டார். தொப்பியைக் கழற்றி வைக்க மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த தெரேசாவின் காதில் அது விழுந்துவிட்டது.

தந்தையைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. நாள் முழுதும் உழைத்துவிட்டு வரும் நம் வீட்டுப் பெரியவர்கள் வாயிலும் இப்படி ஒரு சொல் எப்போதாவது வரத்தான் செய்கிறது. சொன்ன மறு நிமிடம் அவர்கள் அதை மறந்தும் விடுகிறார்கள். மறவாதவர்கள் நாம்தான். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்து, பண்டிகை நாள் முழுவதையும் வீட்டாருக்குக் கசப்பாக்கிவிடும் வித்தை நமக்கு நன்றாகவே கைவந்திருக்கிறது.

தெரேசாவின் இதயத்தில் அச்சொல் முள்ளாய்த் தைத்தது. கண்ணில் நீர் முட்டியது. பக்கத்தில் நின்ற செலினுக்குத் தங்கையின் சுபாவம் தெரியாதா? அவளுக்கே கண் கலங்கிவிட்டது. இப்போதே கீழே போய்க் காலணிகளைப் பார்த்தால் துக்கம் தாங்காது, சற்றுப் பொறுத்துப் போகலாம் என்று தடுத்தாள். அடுத்து நடக்கப்போவது இருவருக்குமே மனப்பாடம்.

ஆனால் அது நடக்கவில்லை. தெரேசா கண்ணீரை உள்ளுக்கு விழுங்கினாள். படபடக்கும் நெஞ்சோடு படிகளில் வேகமாக இறங்கினாள். காலணிகளை எடுத்துத் தந்தையின் முன்னே வைத்து, உள்ளே இருந்த பொருள்களை ஒவ்வொன்றாக முகமலர்ச்சியோடு வெளியே எடுத்தாள். தந்தையின் சலிப்பும் பறந்துவிட்டது. அவரும் சிரிக்கத் தொடங்கினார். செலினோ தான் காண்பது கனவா என்று திகைத்து நின்றாள்.

இவ்வளவுதான் நடந்தது. வானம் திறக்கவில்லை, வானதூதர் பாடவில்லை. ஒரு வீட்டில் ஒரு சிறுமி அழாமல் இருந்தாள், அவ்வளவே. ஆனால் நாலரை வயதில் தாயோடு சேர்ந்து போய்விட்ட மனவலிமை அந்த ஒரு கணத்தில் தனக்குத் திரும்பக் கிடைத்தது என்றும், இனி ஒருபோதும் அது தன்னைவிட்டுப் போகாது என்றும் தெரேசா அறிந்துகொண்டாள். பத்து ஆண்டுகளாகத் தான் முயன்று முயன்று தோற்ற காரியத்தை இயேசு ஒரு நொடியில் செய்து முடித்தார் என்பதே அவளுடைய கணக்கு. அந்த இரவைத் தன் மனமாற்றத்தின் இரவு என்றே அவள் கருதினாள்.

ஒன்பது ஆண்டுகள் கழித்துத் தன் வாழ்க்கை வரலாற்றில் இந்த நிகழ்ச்சியை விரிவாக எழுதினாள். படிக்கட்டை எழுதினாள், செலினின் கண்ணீரை எழுதினாள், தந்தையின் சிரிப்பை எழுதினாள். காலணிக்குள் என்னென்ன இருந்தன என்று மட்டும் ஒன்றின் பெயரைக்கூட எழுதவில்லை! கடந்த கிறிஸ்மசுக்கு முந்திய கிறிஸ்மசில் நாம் பெற்ற பரிசுகளை நினைத்துப் பார்த்தால் இதில் வியப்பொன்றும் இல்லை.

உறுதிபூசுதலில் பரிசுத்த ஆவி அருளும் ஏழு வரங்களை ஞானம், புத்தி, விமரிசை, அறிவு, திடம், பக்தி, தெய்வபயம் என்று மூச்சு விடாமல் ஒப்பிக்க நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். இவற்றுள் திடம் என்பது போர்க்களத்துக்கும் மறைசாட்சியருக்கும் உரியது என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். தெரேசா உறுதிபூசுதல் பெற்றது 1884 ஜூன் 14-ஆம் நாள். துன்பத்தைத் தாங்கும் திடத்தை அன்றே பெற்றதாக அவள் கருதினாள். அது வேலை செய்யத் தொடங்கியது இரண்டரை ஆண்டுகள் கழித்து, வீட்டு மாடிப்படியில். அதோடு, அந்த இரவில் பரிசு பெற்றவள் தெரேசா மட்டுமா? சோர்ந்திருந்த ஒரு முதியவரும் பெற்றார். தம் மகள் தம்மை எதிலிருந்து காத்தாள் என்று அறியாமலேயே அவர் படுக்கப் போயிருப்பார்.

தன்னை மறந்த அந்த இரவுக்குப் பிறகு அவளுக்குப் பிறர் நினைவே பெரிதாயிற்று. 1887-இல் பாரிசு நகரில் மூவரைக் கொலை செய்த பிரான்சினி என்பவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவன் மனம் திரும்புவதாகக் காணோம். தெரேசா அவனுக்காக விடாமல் வேண்டினாள்; செலின் மூலம் திருப்பலிக்கும் ஏற்பாடு செய்தாள். ஆகஸ்டு 31-ஆம் நாள் கொலைக்களத்தில் அவன் கடைசி நேரத்தில் பாடுபட்ட சுரூபத்தை மும்முறை முத்தமிட்டான் என்ற செய்தியை மறுநாள் பத்திரிகையில் படித்துக் கண்ணீர் விட்டாள். இது வேறு விதமான கண்ணீர்.

பதினைந்து வயதில் மடம் புக அனுமதி பெற அவள் பட்ட பாடு தனிக்கதை. தந்தை இசைந்தார், மாமனும் பிறகு இசைந்தார், மடத்தின் பொறுப்பில் இருந்த குரு இசையவில்லை, ஆயர் முடிவைத் தள்ளிப் போட்டார். 1887 நவம்பர் 20-ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயரின் காலடியில் முழந்தாளிட்டு நேரிலேயே கேட்டுவிட்டாள். அவரும் எல்லாம் இறைவன் சித்தப்படி ஆகும் என்ற அளவோடு நிறுத்திக்கொள்ள, காவலர் அவளைத் தூக்கிவிட வேண்டியதாயிற்று. அந்த ஆண்டுக் கிறிஸ்மசுக்குள் மடத்தில் இருப்போம் என்று அவள் நம்பியிருந்தாள். கிறிஸ்மசும் வந்தது, அனுமதி வரவில்லை. நடுச்சாமத் திருப்பலி முடிந்து தன் அறைக்குத் திரும்பியபோது, ஒரு நீர்த்தொட்டியில் சிறு படகொன்று மிதக்கக் கண்டாள். அதில் பாலன் இயேசு உறங்கிக்கொண்டிருந்தார். அருகே ஒரு சிறு பந்து. செலினின் கைவேலை! தன்னைப் பாலன் இயேசுவின் விளையாட்டுப் பந்தாகத் தெரேசா அர்ப்பணித்திருந்தாள். அவர் விளையாடினாலும் மூலையில் போட்டுவிட்டு உறங்கினாலும் அவருடைய விருப்பம் என்று. அதை நினைவூட்டவே செலின் இதைச் செய்தாள். விலை என்று பார்த்தால் காலணா பெறாத பரிசு. அந்த ஆண்டு அவளைத் தேற்றியது அதுதான்.

புத்தாண்டு நாளில் அனுமதி வந்துவிட்டதென்று தெரிந்தது. ஆனால் தவக்காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்றனர். 1888 ஏப்ரல் 9-ஆம் நாள் தெரேசா லிசியே கார்மேல் மடத்துக்குள் காலெடுத்து வைத்தாள். குழந்தை இயேசுவின் தெரேசா என்பது அங்கே அவள் பெயர்.

மடத்தில் பொருள் என்று எதுவும் தனக்குச் சொந்தமில்லை. சொல்வது எளிது, பழகுவது எளிதன்று. அவளுக்குப் பிடித்தமான அழகிய நீர்க்குவளை ஒன்று அறையிலிருந்தது. அதை எடுத்துவிட்டு, விளிம்பு உடைந்த பெரிய குவளையைக் கொண்டு வைத்தார்கள். இன்னொரு நாள் மாலை அவளுடைய விளக்கை ஒரு சகோதரி தவறுதலாய் எடுத்துச் சென்றுவிட்டார். மௌன நேரமாதலால் கேட்கவும் முடியாது. செய்ய எண்ணியிருந்த வேலையெல்லாம் விட்டு, இருட்டில் அமர்ந்திருந்தாள். அதில் அவளுக்கு எரிச்சல் வரவில்லை, மகிழ்ச்சியே வந்ததாம். சுபாவத்தால் தனக்குச் சற்றும் ஒத்துவராத ஒரு சகோதரிக்கு, காணும்போதெல்லாம் தன் சிறந்த புன்னகையைக் கொடுத்துவந்தாள். தன்னிடம் எதைக் கண்டு இத்தனை பிரியம் என்று ஒரு நாள் அந்தச் சகோதரியே மகிழ்ந்து கேட்கும்படி ஆயிற்று!

1889 ஜனவரி 10-ஆம் நாள் அவளுக்குத் துறவாடை அளிக்கும் விழா. பனி பெய்ய வேண்டும் என்று குழந்தைத்தனமாய் ஆசைப்பட்டிருந்தாள். வெயிலோ இளஞ்சூடாய் இருந்தது. சடங்கு முடிந்து மடத்துக்குள் திரும்பினால், முற்றம் முழுதும் வெண்பனி! அன்று தந்தையும் உடனிருந்தார். ஒரே மாதத்தில் அவருக்குச் சித்தம் கலங்கி, கான் நகர மருத்துவமனையில் மூன்றாண்டுகள் இருக்க நேர்ந்தது. பிறகு வீடு திரும்பியவர் 1894 ஜூலை 29-ஆம் நாள் காலமானார். மனவலிமை எதற்காகத் தனக்கு முன்கூட்டியே தரப்பட்டது என்பதைத் தெரேசா அந்த ஆண்டுகளில் கண்டிருப்பாள்.

1895-ஆம் ஆண்டுக் கிறிஸ்மஸ் இரவை மட்டும் சற்று நின்று பார்க்க விரும்புகிறோம். சீட்டுக் குலுக்கி எடுத்து, பெயர் வந்த தோழிக்குப் பரிசு தரும் விளையாட்டை நாம் அறிவோம். தெரேசாவும் அன்றைய ஓய்வு நேரத்துக்குச் சீட்டு விளையாட்டு ஒன்றை ஆயத்தம் செய்தாள். ஆனால் அதில் பரிசு கேட்பவர் பாலன் இயேசு. அவர் பிச்சைக்காரராய் வந்து கன்னியரிடம் கையேந்துகிறார். குடிலின் முன் வைத்த கூடையிலிருந்து ஒவ்வொரு சகோதரியும் ஒரு சீட்டை எடுத்துப் பிரிக்காமல் வானதூதராய் நின்றவரிடம் கொடுக்க, அவர் அதிலுள்ளதைப் பாடுவார். பால், ரொட்டி, தேன், தலையணை, பூ, விளையாட்டுப் பொருள், ஆட்டுக்குட்டி, ஒரு புன்னகை என்று இருபத்தாறு வகை. யாருக்கு எது வருகிறதோ அதன் உட்பொருளை அவர் தம் வாழ்விலிருந்து கொடுக்க வேண்டும். கடையில் வாங்கி ஈடுகட்ட வழியில்லை. மடத் தலைவியாய் இருந்தவர் அக்காள் பவுலினே; அவர் கட்டளைப்படிதான் அந்த ஆண்டு முழுவதும் தெரேசா தன் குழந்தைப் பருவ நினைவுகளை எழுதி வந்தாள். எழுதியதெல்லாம் மலிவான பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில்!

அதற்குப் பின் அவளுக்கு எஞ்சியிருந்தது ஒரே ஒரு கிறிஸ்மஸ். 1896 ஏப்ரலில், பெரிய வியாழன் இரவில், வாயில் இரத்தம் வந்தது, காசநோய். அந்தப் பாஸ்கா நாட்களிலிருந்து விசுவாசத்தின் ஆறுதலும் மறைந்து, உள்ளம் இருளில் மூழ்கியது. விண்ணகம் உண்டா என்ற சோதனை இறுதிவரை நீங்கவில்லை. ஆவிக்குரிய பரிசு என்றால் எந்நேரமும் இனித்துக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறவர்கள் இந்தப் பதினெட்டு மாதங்களைப் படிக்க வேண்டும். அவள் முகத்தின் சிரிப்பைக் கண்ட சகோதரிகள் பலர் அந்த இருளை ஊகிக்கவே இல்லை. மாடிப்படியில் கற்ற பாடம்தானே! 1897 செப்டம்பர் 30-ஆம் நாள், இருபத்து நான்கு வயதில், அவள் உயிர் பிரிந்தது.

மறு ஆண்டு அதே நாளில் அவளுடைய நோட்டுப் புத்தகங்கள் அச்சேறி, இரண்டாயிரம் பிரதிகளாய் வெளிவந்தன. பிறகு நடந்தவை நமக்குத் தெரிந்தவையே. 1925 மே 17-இல் திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் அவளைப் புனிதையாக அறிவித்தார். 1927-இல், நம் முத்துக்குளித்துறையில் கால் தேய நடந்த புனித சவேரியாரோடு, மடத்தைவிட்டே வெளியேறாத இந்தக் கன்னியும் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியானாள். 1997-இல் திருத்தந்தை 2-ஆம் அருள் சின்னப்பர் அவளைத் திருச்சபையின் மறைவல்லுநராக உயர்த்தினார்.

இன்னும் ஒரு செய்தி உண்டு. 2015 அக்டோபர் 18-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவளுடைய பெற்றோர் இருவரையும் ஒரே சேரப் புனிதராக்கினார். கணவன் மனைவியாக ஒன்றாய்ப் புனிதர் நிலைக்கு உயர்ந்த முதல் தம்பதியர் இவர்களே. கிறிஸ்மஸ் இரவில் காலணிகளைக் கண்டு சலித்துக்கொண்ட அந்தத் தந்தையும் இப்போது பீடத்தில் மகளின் அருகே இருக்கிறார்.